ஊர்தியும் உள்ளமும்

ஒரு கருவியை மனிதன் விரும்புவது அது செய்யும் வேலைக்காகவே என்பது பொதுவான எண்ணம். மண்ணைக் கொத்துவதற்காக மண்வெட்டியையும், நனையாதிருப்பதற்காகக் குடையையும் அவன் விரும்புகின்றான். வேலை முடிந்ததும் அவற்றை மூலையிற் சாத்திவிட்டு மறந்துவிடுகின்றான். ஆனால், வேலை முடிந்த பின்னரே விருப்பம் தொடங்கும் கருவிகளும் சில உள. நெடும்பயணத்துக்கென அமைந்த மோட்டார் சைக்கிள் அவற்றுள் ஒன்று. அதனைச் செலுத்துவோர் அதனிடம் உண்மையில் வேண்டுவது யாது? அவ்வேண்டுகை அறத்தோடு பொருந்துவதா? மலையகத்தின் ராகலைப் பகுதியை முன்வைத்து இவ்விரு வினாக்களையும் ஆராய்வது பயனுடையதாகும்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளையூடாக ராகலைக்கும், அங்கிருந்து உடப்புசல்லாவைக்கும் வலப்பனைக்கும் செல்லும் பாதைகளில் இருவகை மோட்டார் சைக்கிள்களைக் காணலாம். ஒன்று நாளாந்தம் ஓடுவது. லீக்ஸ், கரட் மூடைகளைச் சந்தைக்குச் சுமப்பதும், பிள்ளையைப் பாடசாலையில் இறக்குவதும், காய்ச்சலில் வாடும் முதியவரை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதன் பணிகள். பெரும்பாலும் நூறு சீ.சீ. அளவான இயந்திரமே அதற்குப் போதுமாகின்றது. மற்றையது விடுமுறை நாட்களிலே கூட்டமாக வருவது. அதன் உடல் பெரிது; ஒலி கனத்தது. அதில் வருவோர்க்கு ராகலையில் விற்பதற்கோ வாங்குவதற்கோ எதுவுமில்லை. வந்து, தேநீர் அருந்தி, மலையைப் பார்த்து, திரும்பிச் செல்கின்றனர். முதலாவது ஊர்தியின் பயன் எவர்க்கும் விளங்கும். இரண்டாவதன் பயன் யாதென்பதே ஆராய்ச்சிக்குரியது.

இவ்வகை ஊர்திகள் தோன்றிய சூழலைச் சிறிது நோக்குதல் வேண்டும். குரூஸர் என வழங்கும் வகையிலே இருக்கை தாழ்ந்திருக்கும். கால்கள் முன்னோக்கி நீண்டிருக்கும். இயந்திரம் குறைந்த சுழற்சியிலேயே வலுவுடன் இழுக்கும். 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தோன்றிய ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் பெயரோடு இணைத்தே இவ்வடிவம் பெரிதும் பேசப்படுகின்றது. வளைவின்றி நூற்றுக்கணக்கான மைல்கள் நீளும் நெடுஞ்சாலைகளுக்கு அது பொருந்தியது. டூரிங் என்னும் வகை, காற்றுத் தடுப்பும் பெரிய எரிபொருட் தாங்கியும் பொதிப்பெட்டிகளும் கொண்டு நாட்கணக்காகச் செல்வதற்கு அமைந்தது. 1975இல் விற்பனைக்கு வந்த ஹொண்டா கோல்ட் விங் இவ்வகையிற் பெயர்பெற்றது. தென்னாசியாவிலோ, 1955இல் சென்னையில் பொருத்தப்படத் தொடங்கி, திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உற்பத்தியைத் தொடர்ந்த என்பீல்ட் புல்லட், நெடும்பயணம் என்ற சொல்லுக்கே உருவங் கொடுத்தது.

இத்தகைய ஊர்தியிடம் செலுத்துவோர் வேண்டுவது சுகம் என்பர் சிலர். ஆற்றல் என்பர் வேறு சிலர். பிறர் கண்ணுக்குப் பெருமை என்பர் மற்றுஞ் சிலர். இம்மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் எதுவும் முழுமையானதன்று. சுகமே குறிக்கோளாயின் மழையும் பனியும் படாத மோட்டார் காரில் வருதல் எளிது. ராகலைப் பாதையில் மாலை மூடுபனியில் விரல் விறைக்க வருபவனைச் சுகம் நாடியவன் என்று சொல்வது கடினம். ஆற்றலே குறிக்கோளாயின், மலைப்பாதை அதனைப் பயன்படுத்த இடங் கொடுப்பதில்லை. கொண்டையூசி வளைவுகளிலே பெரிய ஊர்தியின் நீளமும் எடையும் சுமையாகவே மாறுகின்றன. ஈரமான சரிவில் இறங்கும்போது தாழ்ந்த கியரில் இயந்திரமே ஊர்தியைப் பிடித்து நிறுத்துமாறு விட்டு, மெல்ல இறங்கத் தெரிந்தவனே கரைசேர்கின்றான். பெருமையைப் பொறுத்தவரை, அது பார்ப்பவர் உள்ளவரைதான் நிலைக்கும். ஆளரவமற்ற பாதைகளைத் தேடிச் செல்வோரின் விருப்பத்துக்கு அது விளக்கமாகாது.

றொபர்ட் பேர்சிக் என்னும் அமெரிக்கர் 1968இல் தம் மகனைப் பின்னே இருத்திக்கொண்டு மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை மேற்கொண்ட பயணமே 1974இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற மெய்யியல் நூலுக்கு அடிப்படையாயிற்று. அவர் சென்ற ஊர்தி 305 சீ.சீ. அளவான ஹொண்டா மட்டுமே. எனவே நெடும்பயணம் என்பது இயந்திரத்தின் பருமனைப் பொறுத்ததன்று என்பது பெறப்படும். அவ்வாறாயின் விருப்பத்தின் வேர் வேறெங்கோ உளது.

கடோபநிடதத்திலே உடல் தேராகவும், புத்தி சாரதியாகவும், மனம் கடிவாளமாகவும், புலன்கள் குதிரைகளாகவும் உருவகிக்கப்படுகின்றன. ஆன்மா அத்தேரில் அமர்ந்து செல்பவன். அமர்ந்து செல்பவனும் செலுத்துபவனும் வெவ்வேறானவர் என்பது அவ்வுருவகத்திற் கவனிக்கத்தக்கது. மோட்டார் சைக்கிளிலே இவ்விருவரும் ஒருவரே. பேருந்துப் பயணி ஓட்டுநரின் விருப்பத்துக்கும், புகைவண்டிப் பயணி தண்டவாளத்தின் திசைக்கும் தம்மை ஒப்படைக்கின்றனர். மோட்டார் சைக்கிளில் அமர்ந்தவனோ எங்கே திரும்புவது, எங்கே நிற்பது, எப்பொழுது புறப்படுவது என்பவற்றைத் தானே முடிவு செய்கின்றான். வாரம் முழுவதும் பிறர் குறித்த மணிக்கு எழுந்து, பிறர் குறித்த இடத்துக்குச் சென்று மீளும் ஒருவன், எவரும் ஏவாத ஒரு பயணத்தைத் தன் உடலாலேயே உணர விரும்புகின்றான். இயந்திரத்தின் வலுவும் ஒலியும் அவ்வுணர்வுக்குத் துணைநிற்பன. அவன் வேண்டும் பொருள் தன் நேரத்தின் மீது தனக்குள்ள ஆட்சியே எனலாம்.

இவ்விருப்பம் ராகலை போன்றதோர் இடத்திலே தனிப்பொருள் பெறுகின்றது. ஏனெனில் இம்மலைகளின் வரலாறே ஏவப்பட்ட பயணங்களின் வரலாறாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். வழியிலே கொள்ளைநோய்க்குப் பலியானோர் பலர். தோட்டத்தை அடைந்த பின்னரோ, பணியை விட்டுச் சொல்லாமல் நீங்குதல் சிறைக்குரிய குற்றமாயிருந்தது. கடன் விவரம் எழுதிய ‘துண்டு’ இல்லாமல் வேறொரு தோட்டத்திற் சேரவும் இயலாதிருந்தது. அம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை அமைந்து, பின்னர் மூடப்பட்ட சிற்றகலப் புகைவண்டிப் பாதையும், இன்றுள்ள தெருக்களிற் பலவும், தேயிலை செல்வதற்கென வகுக்கப்பட்டவை. பின்னாளிலே தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றாலே அது சின்னத்துரையின் வாகனம் என்ற நிலை நெடுங்காலம் நிலவியது. மலைச்சரிவில் அதன் ஒலி கேட்டதும் கொழுந்து பறிக்கும் கைகள் விரைந்தன. ஒருவனுக்கு விடுதலையின் ஒலியாக விளங்குவது மற்றொருவனுக்குக் கண்காணிப்பின் ஒலியாக அமையலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்பின்னணியில், லயத்திலே பிறந்த இளைஞன் ஒருவன் மோட்டார் சைக்கிளை விரும்புவதை நோக்குதல் வேண்டும். கொழும்பில் உழைத்துச் சேர்த்த பணத்தோடு லீசிங் கடனையும் சேர்த்து அவன் அதனை வாங்குகின்றான். ஞாயிற்றுக்கிழமை ஹல்கரனோயா வரை காரணமின்றிச் சென்று வருகின்றான். “லயத்துப் பொடியனுக்கு இது எதற்கு?” என்ற ஏளனம் எழுகின்றது. காரணமில்லாப் பயணம் வசதியுள்ளோர்க்குப் பொழுதுபோக்கு என்றும் அவனுக்கு ஊதாரித்தனம் என்றும் கூறுவது நடுநிலையன்று. அவனுடைய பாட்டன் துண்டின்றி அடுத்த தோட்டத்துக்குப் பெயர முடியாதவன். பேரன் எவரையுங் கேளாது அடுத்த தோட்டத்தைக் கடந்து செல்கின்றான். வெளியூரிலிருந்து பெரிய ஊர்தியில் வருவோன் நாடும் அதே பொருளைத்தான் இவனும் நாடுகின்றான். அதற்கான உரிமையும் அவனுக்குக் குறைந்ததன்று.

எனினும், இவ்விருப்பத்துக்கு எதிராகப் பெரியோர் கூறும் வாதத்தையும் ஏளனம் என்று தள்ளிவிட முடியாது. கடனின் மாதத் தவணையை மகனால் கட்ட இயலாதபோது, அதனைக் கட்டுவது பெரும்பாலும் தாயின் கொழுந்துக் கூலியே. அப்பொழுது மகனின் ஏவப்படாத பயணத்துக்காகத் தாய் மேலும் ஒரு நாள் பிரட்டுக்குச் செல்ல நேர்கின்றது. வளைவிலே நேரும் ஒரு விபத்தின் சுமையும் அவ்வாறே வீட்டின் தலையில் இறங்குகின்றது. ஒருவரது விடுதலை இன்னொருவரது கட்டாயத்தினால் வாங்கப்படுமாயின் அதனை முழுமையான விடுதலை என்று கூறுதல் பொருந்தாது. இவ்வளவுகோல் அவ்விளைஞனுக்கு மட்டும் உரியதன்று. மலையைக் காண வருவோன் அருந்தும் தேநீரிலும், அவன் இரசிக்கும் பசுமையிலும் பிறருடைய ஏவப்பட்ட உழைப்பு கலந்துள்ளது. தாயின் கூலியை எண்ணிப் பார்க்குமாறு மகனிடம் கேட்கும் அறம், அவனிடமும் அதனையே கேட்கும்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது எரிபொருள் அட்டை நடைமுறைக்கு வந்த தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல் மட்டுமே கிடைத்தது. மூடை சுமப்பதா, நோயாளிக்காக வைத்திருப்பதா, ஊர் பார்ப்பதா என்ற தெரிவு அன்று ஒவ்வொருவர் முன்னும் நின்றது. விருப்பங்களுக்கிடையே வரிசை உண்டு என்பதை அந்நான்கு லீற்றர் உணர்த்திற்று. ஆயின் வரிசையிற் பின்னே நிற்பதனாலேயே ஒரு விருப்பம் இழிந்ததாகிவிடாது.

இனி, இவ்விருப்பம் அறத்தோடு பொருந்துமாறு யாது என்பதற்குத் தமிழர் மரபிலே மூன்று தேர்கள் விடையளிக்கின்றன. முதலாவது, அகநானூற்றின் முல்லைப் பாடலொன்றில் வரும் தலைவனின் தேர். தேன் உண்ணும் வண்டுகள் அஞ்சுமே என்று எண்ணி அவன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகின்றான். இரண்டாவது, மனுநீதிச் சோழனின் மகன் ஊர்ந்த தேர். குறுக்கே வந்த கன்றை அவன் காணவில்லை, காணாமையே குற்றமாயிற்று. மூன்றாவது, பறம்பு மலையின் தலைவனாகிய பாரியின் தேர். கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்காக அது நின்றது. பாரி அன்று எங்கே செல்லப் புறப்பட்டான் என்பதை எவரும் நினைவிற் கொள்ளவில்லை. அவன் நின்ற இடமே நிலைத்துவிட்டது.

சேகுவேரா தம் நண்பருடன் 1952இல் 500 சீ.சீ. நோர்ட்டன் ஒன்றில் தென்னமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டார். சிலி நாட்டில் அவ்வூர்தி பழுதடைந்து கைவிடப்பட்டது. அதன் பின்னர், பிறர் வாகனங்களிலும் கால்நடையாகவும் சென்றபோதே சுக்கிக்கமாத்தா செப்புச் சுரங்கத் தொழிலாளரின் வாழ்வை அவர் அருகிருந்து கண்டார். ஊர்தி நின்றபோதுதான் மக்கள் அவருக்குப் புலப்பட்டனர்.

தன் நேரத்துக்குத் தானே தலைவனாதல் மனிதர் எவருக்கும் தகுந்த வேட்கையே. அதனை நாடி மலைக்கு வருவோரும் மலையிலிருந்து புறப்படுவோரும் தம் ஊர்தியின் ஆற்றலை அளப்பதைப் போலவே, தம் பயணத்தின் விலையை யார் கொடுக்கின்றார் என்பதையும் அளத்தல் வேண்டும். ராகலையின் வளைவொன்றிலே கொழுந்து மூடையுடன் ஒரு பெண் தெருவைக் கடக்கக் காத்து நிற்கின்றாள். அவளுடைய பயணத்தை இன்னமும் பிறரே குறிக்கின்றனர். மூடுபனியூடே வரும் ஊர்தி அவளைக் கண்டு, ஒலியைத் தணித்து, நின்று, வழிவிடுமாயின், விடுதலையை விரும்பிய ஒருவன் அதன் பொருளையும் அறிந்திருக்கின்றான் என்று கொள்ளலாம். ஓட்டுபவன் தன் ஊர்தியிடம் முதலில் வேண்டத்தக்கது அவ்வாறு நிற்கும் ஆற்றலையே.