கொடையா? கூலியா?

கொடுப்பவன் உயர்ந்தவன், கொள்பவன் தாழ்ந்தவன் என்று உலகம் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. ஆனால், கொள்பவனுக்குச் சேர வேண்டியதையே எடுத்துக் கொடையென்று பெயரிட்டுக் கொடுத்தால், அங்கே உயர்ந்தவன் யார்? தாழ்ந்தவன் யார்? இக்கேள்விக்கு விடை காண நாம் ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. எண்ணத் தேரேறி அமெரிக்க நாட்டு நகரொன்றின் கடைத்தெருவுக்குச் சென்றாலே போதும்.

வட கரோலினா மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த ஆஷ்வில் நகர். 1908ஆம் ஆண்டில் மக்களே வாக்களித்து மதுவை விலக்கிய மாநிலம் அது. அம்மாநிலத்தின் இந்நகர், இன்று பீருக்குப் பெயர் பெற்று விளங்குகிறது! நகரின் நடுவே உணவகம் ஒன்றின் நிலவறையில், ஜமைக்காவில் பிறந்த சீன வழியினரான ஆஸ்கர் வாங் என்ற பொறியாளர் 1994இல் தொடங்கிய சிற்றாலை அதற்கு வித்திட்டது. பேராலைகள் ஒரே சுவையில் நிரப்பித் தள்ளும் புட்டிகளுக்கு மாற்றாக, சிற்றாலைகளில் சிறிது சிறிதாகப் பக்குவம் பார்த்து உண்டாக்கும் பீரைக் ‘கிராஃப்ட் பீர்’ என்பர்.

குடி நன்றா, தீதா என்ற வழக்கை நாம் இங்கே தொடுக்கவில்லை. அது தனி வழக்கு. நம் கண் செல்வது குவளையின் மீதன்று. குவளையை ஏந்தி வரும் கையின் மீது.

அத்தகைய கூடமொன்றின் சனிக்கிழமை மாலையை எண்ணிப் பாருங்கள். இருக்கைகள் நிரம்பி வழிகின்றன. வாயிலிலும் ஆட்கள் காத்து நிற்கிறார்கள். சுவரிலே வரிசையாகக் குழாய்கள். கரும்பலகையிலே ஒவ்வொரு பீரின் பெயரும், அது பிறந்த ஊரும், அதிலுள்ள ஆல்கஹாலின் விழுக்காடும். வந்தவர்கள் வினவுகிறார்கள்: இதிலே சேர்ந்த ஹாப்ஸ் பூ எங்கே விளைந்தது? வாற்கோதுமையை எவ்வளவு வறுத்தார்கள்? கேட்டறிந்து அருந்தும் கூட்டம்! ஏன், எதற்கு, எப்படி என்று கேட்பது பகுத்தறிவின் முதற்பாடமன்றோ? பாராட்டுவோம். எனினும், ஒரு கேள்வி மட்டும் அங்கே எழுவது அரிது. ஒரு கையில் சூடான தட்டு, மறு கையில் நுரை ததும்பும் குவளைகள், முகத்திலே மாறாத புன்னகை — இப்படி ஓடோடி வரும் அந்த இளம்பெண்ணுக்கு மணிக்கு என்ன கூலி?

இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தம் பையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். 1991 முதல் அத்தொகை ஒரு சென்ட்டும் உயரவில்லை. வட கரோலினாவிலும் அதுவே அளவு. ஏனைய தொழிலாளருக்கு உரிய குறைந்த கூலி 7.25 டாலர். இந்த இடைவெளியை நிரப்புவது யார்? உண்ண வந்தவர்! பில் 20 டாலரானால், 3 அல்லது 4 டாலரை ‘டிப்ஸ்’ என்று மேசைமேல் வைத்துச் செல்வது அங்கே வழக்கம். இனாம் போதாவிடில் குறையை முதலாளி ஈடு செய்ய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால், கணக்கெழுதும் கையும் வேலையை விட்டு விலக்கும் கையும் ஒன்றாயிருக்கும் இடத்தில், அதைக் கேட்டுப் பெறுவது எளிதா? வாரம் 40 மணி நேரம் ஓடியாடினால் 2.13 டாலர் வீதம் கிடைப்பது 85 டாலர் 20 சென்ட். மீதியெல்லாம் வருவோர் போவோரின் மனநிலை!

இவ்வழக்கம் அங்கே வேரூன்றிய கதையைக் கேளுங்கள். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலை பெற்றனர். அவர்களைத் தன் துயில் வண்டிகளில் பணியாளராக அமர்த்தியது ஜார்ஜ் புல்மனின் நிறுவனம். கூலியோ சொற்பம், பயணிகளின் இனாமே பிழைப்பு. பெற்றோர் இட்ட பெயரைக் கேட்பாரில்லை. முதலாளியின் பெயரால், எவராயினும் ‘ஜார்ஜ்’ என்றே அழைத்தனர். விலங்கு போயிற்று, வளைந்த முதுகு நிமிரவில்லை. 1925இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அத்தொழிலாளர் சங்கம் கண்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1937இல் நிறுவனத்தைக் கையொப்பமிட வைத்தனர். அவர்கள் கேட்டது கருணையை அன்று, கணக்கை!

இனாமையே தடை செய்தால் தீராதோ எனக் கேட்கலாம். அதையும் செய்து பார்த்தார்கள். 1909இல் வாஷிங்டன் மாநிலம் இனாமைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926க்குள் அச்சட்டங்கள் யாவும் மறைந்தன. கொடுக்கும் கையைக் கட்டிப் போட்டால், வாங்கும் வயிறு நிரம்பிவிடுமா?

“கூட்டம் மிகுந்த இரவில் இனாமாலேயே நிறையச் சம்பாதிக்கிறோம், இம்முறையை மாற்றாதீர்” என்று சொல்லும் பணியாளரும் அங்கே உண்டு. அவர்கள் கூற்று பொய்யன்று. ஆனால், சனிக்கிழமை இரவு மட்டுமா வாரம்? கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமைப் பிற்பகலை யார் ஈடு செய்வது? கைநிறையக் காசுள்ள ஒருவன் தகாத சொல் ஒன்றைச் சொல்லிச் சிரிக்கிறான். அந்தப் பெண் என்ன செய்வாள்? சினந்தால் கூலி போகும். சிரித்தால் மானம் போகும். உழைப்பை விற்க வந்தவளிடம் புன்னகையையும் சேர்த்துப் பறிக்கும் இம்முறைக்கு நன்கொடை என்று பெயர் சூட்டுவது நாகரிகமா?

மாற்றினால் தொழில் அழியும் என்பாரும் உளர். ஆரிகன் மாநிலத்தைப் பாருங்கள். இனாம் எவ்வளவு வந்தாலும் அங்கே முழுக் கூலியையும் முதலாளியே தர வேண்டும். கலிபோர்னியா, வாஷிங்டன் முதலிய மாநிலங்களிலும் அப்படியே. ஆரிகனின் போர்ட்லாந்து நகரிலே பீர்க் கூடங்கள் மூடிக் கிடக்கின்றனவா? இல்லை, கிராஃப்ட் பீருக்கே பேர்போன நகர் அது! இனாமும் அங்கே ஒழியவில்லை. ஆனால் அதன் தன்மை மாறிவிட்டது. கூலி கைக்கு வந்தபின் கிடைப்பதுதான் இனாம். கூலிக்குப் பதிலாகக் கிடைப்பது கடனில் ஒரு தவணை.

ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், இரவச்சத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கொடுக்கும் உள்ளத்தைப் போற்றியவரே, கேட்டு நிற்கும் நிலையைக் கண்டு அஞ்சவும் சொன்னார். உழைத்தவரை அந்நிலையில் நிறுத்திவிட்டு, ஈகை செய்தோம் என்று மார்தட்டுவது ஈகையாகாது.

அப்படியாயின், அத்தகைய கூடத்துக்குச் செல்ல நேர்ந்தால் நாம் செய்ய வேண்டியது யாது? கொள்கையின் பெயரால் கையை மூடிக்கொள்வதா? கூடாது. முறை தவறென்பதற்காக முறையால் நசுங்குபவரைத் தண்டிப்பது அறமன்று. கொடுங்கள், தவறாமல் கொடுங்கள். ஆனால் வள்ளலாக நின்று கொடுக்காதீர். கடனாளியாக நின்று கொடுங்கள். நன்றியை எதிர்பாராதீர், பட்ட கடனைத் தீர்த்தவனுக்கு யாரும் மாலை சூட்டுவதில்லை. கொடுத்ததோடு கடமை முடிந்தது என்றும் எண்ணாதீர். உழைத்தவருடைய கூலி பிறர் தயவில் தொங்கும் வரையில், அச்சட்டத்தை மாற்றக் குரல் எழுப்புங்கள்.

தோழர்களே! நீதி பிறந்த வீட்டில் கருணை விருந்தாளியாக வரட்டும், வரவேற்போம். நீதியை வெளியே தள்ளிவிட்டு, கருணையே வீட்டுக்காரனாக அமர்ந்தால், அதற்கு நாம் தலைவணங்கோம்.