வழிமறிக்கும் சட்டமும் வழிச்செல்லும் உரிமையும்

நள்ளிரவுக்குச் சற்று முன்னர் நெடுஞ்சாலையில் தடுப்புகளை வைத்துக் காவலர் நிற்கின்றனர். வருகின்ற வண்டி ஒவ்வொன்றையும் நிறுத்துகின்றனர். ஓட்டுநரிடம் இரண்டொரு சொற்கள் பேசுகின்றனர். ஐயம் எழுந்தால் ஒரு கருவியில் ஊதச் சொல்கின்றனர். குடித்தவர் பிடிபடுகிறார்; குடியாதவர் போகலாம். குடியாதவருக்கு இதில் என்ன இழப்பு என்று கேட்போர் பலர். எக்குற்றமும் செய்யாத என்னைக் குற்றவாளியைப் போல் நிறுத்த இவர்களுக்கு உரிமை தந்தவர் யார் என்று கேட்போர் சிலர். சிலர் கேட்கும் வினா என்பதனாலேயே அது சிறு வினா ஆகிவிடாது. அவ்வினாவைச் சற்று நின்று நோக்க விழைகிறோம்.

வழக்கு மன்றம் ஏறிய வினா

இவ்வினா ஒரு நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்று, அங்கும் நீதிபதிகளை இரு பிரிவாக்கிய வினா. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் காவல்துறை 1986-ஆம் ஆண்டு சாகினா மாவட்டச் சாலையொன்றில் இத்தகைய சோதனையை நடத்தியது. ஒன்றேகால் மணி நேரத்தில் 126 வண்டிகள் அவ்வழியே வந்தன. ஒவ்வொன்றும் காக்க வைக்கப்பட்ட நேரம் சராசரி 25 வினாடிகள். ஓட்டுநர் இருவர் ஓரமாக அழைத்துச் செல்லப்பட்டு மேலும் சோதிக்கப்பட்டனர். அவருள் ஒருவர் கைதானார். நில்லாமல் கடந்து சென்ற மற்றொருவரும் துரத்திப் பிடிக்கப்பட்டுக் கைதானார். ஆக 126 வண்டிகளுக்கு இருவர். ஏனையோரை வழிமறிக்கக் காவலரிடம் தனிப்பட்ட காரணம் ஏதும் இருக்கவில்லை.

காரணமற்ற சோதனைக்கும் பிடித்து வைத்தலுக்கும் குடிமக்களை ஆளாக்கலாகாது என்பது அந்நாட்டு அரசியல் சாசனத்தில் 1791 முதல் இடம்பெற்றிருக்கும் நான்காம் திருத்தத்தின் சாரம். அதனைச் சுட்டி ஓட்டுநர் சிலர் வழக்குத் தொடுத்தனர். மாநில நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் நின்றன. ஆனால் 1990 ஜூனில் உச்சநீதிமன்றம் ஆறு பேருக்கு மூவர் என்ற கணக்கில் காவல்துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி வில்லியம் ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பு மூன்றைத் தராசிலிட்டது: குடித்து ஓட்டுவதால் விளையும் பேரழிவு, அதனைத் தடுப்பதில் இம்முறைக்குள்ள பயன், குடிமகனுக்கு நேரும் இடையூறு. இடையூறு சிறிது, அழிவு பெரிது என்பது பெரும்பான்மையோர் முடிவு.

மாறுபட்ட மூவரின் குரலையும் நாம் கேட்டாக வேண்டும். தனிப்பட்ட ஐயம் என்ற வேலியை நீக்கிவிட்டால், தான்தோன்றித்தனமான தொல்லைக்குப் பொதுமக்கள் அனைவருமே இலக்காவர் என அஞ்சினார் நீதிபதி வில்லியம் பிரெனன். நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் பயனையே ஐயுற்றார். மேரிலாந்து மாநிலத்தில் 125 சோதனைகளில் 41,000 ஓட்டுநர் கடந்து சென்றும் கைதானோர் 143 பேரே என அவர் எடுத்துக்காட்டினார். ஆயிரத்துக்கு மூவரோ நால்வரோ அகப்படுவதற்காக எஞ்சியோர் அனைவரையும் நிறுத்துவது அறமாகுமா?

எளிதாகக் கிடைக்கும் விடைகள்

இவ்வினாவுக்கு எளிதாகக் கிடைக்கும் விடைகள் மூன்று உள. மூன்றையும் நாம் ஐயுறுகிறோம்.

மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவன் எதற்கு அஞ்ச வேண்டும் என்பது முதல் விடை. இது நல்லவர்கள் வாயிலிருந்து அடிக்கடி வருவது. ஆனால் வீட்டுக் கதவைத் தாழிட்டு உறங்குகிறவர்கள் எல்லாம் குற்றம் ஒளித்தவர்கள் அல்லர். தன் போக்கில் போகவும், கேட்பாரின்றி இருக்கவும் மனிதனுக்குள்ள உரிமை அவன் மாண்பின் ஒரு கூறு. அதனைப் பயன்படுத்தக் காரணம் காட்ட வேண்டியவன் அவனல்லன். அதில் குறுக்கிடுகிறவர்தாம் காரணம் காட்ட வேண்டும்.

இரண்டாவது விடை சமயம் சார்ந்தோர் நாவில் பழகியது. உண்மையான சுதந்திரம் நன்மையைத் தெரிந்துகொள்வதற்கே. தீமை செய்யும் சுதந்திரம் எவருக்கும் இல்லை. எனவே தீமையைத் தடுக்கும் எதுவும் சுதந்திரத்தைக் குறைப்பதில்லை என்பது அது. இதன் முற்பகுதி மறைபோதகத்திற்கு ஏற்ற உண்மை. முடிவுரையோ எந்தக் கொடுங்கோலனும் கையாளக்கூடிய கருவி. மக்களை நல்லவர்களாக்குவதற்கே சிறைகளைக் கட்டினோம் என்று சொல்லாத சர்வாதிகாரி வரலாற்றில் அரிது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சமயச் சுதந்திரம் பற்றி வெளியிட்ட அறிக்கை, மனிதனுக்கு இயன்ற அளவு முழுமையான சுதந்திரம் இருத்தல் வேண்டும் என்றும், தேவை உண்டாகும்போது தேவையான அளவுக்கே அதனைக் கட்டுப்படுத்தலாம் என்றும் பொதுநெறி வகுத்தது. மெய்ப்பிக்கும் சுமை கட்டுப்படுத்துகிறவர் தோள்மீதே இருக்கிறது.

மூன்றாவது விடை இவற்றுக்கு நேரெதிர்: என் பணம், என் குடி, என் வண்டி, இடையில் நீ யார்? இது வீட்டுத் திண்ணை வரை செல்லும் வாதம். சாலை யாருடைய திண்ணையும் அன்று. அங்கே பள்ளிச் சிறுவன் நடக்கிறான். பால்காரர் மிதிவண்டியில் போகிறார். இரவுப் பணி முடிந்த செவிலி பேருந்துக்கு நிற்கிறார். இவர்கள் யாரும் ஓட்டுநரின் குடிக்கு உடன்பட்டவர்கள் அல்லர். தனிமனிதச் சுதந்திரத்தின் மாபெரும் வழக்கறிஞரான ஜான் ஸ்டூவர்ட் மில் கூட, 1859-இல் வெளியான தம் நூலில் இங்கே ஒரு கோடு கிழித்தார். குடித்திருக்கிறான் என்பதற்காக மட்டும் ஒருவனைத் தண்டித்தல் ஆகாது. ஆனால் பணியிலிருக்கும் படைவீரனோ காவலனோ குடித்திருந்தால் தண்டிப்பது முறையே என்பது அவர் கருத்து. வண்டியின் திசைமாற்றியைப் பற்றியிருக்கும் ஒவ்வொருவரும் அந்நேரத்தில் பணியிலிருப்பவரே என்கிறோம் நாம். எதிரே வருவோர் அனைவரின் உயிரும் அவர் பொறுப்பில் இருக்கிறது. சாலையில் அடிபட்டு இறந்தோரின் அடக்கச் சடங்கை நடத்தாத பங்குப் பணியாளர் அரியர். அப்பெட்டிகளின் அருகே நின்று தனியுரிமை பேசுவது கடினம். எனினும் துயரம் நம் பகுத்தறிவைத் தள்ளி வைத்துவிடவும் கூடாது.

முதற் கிண்ணமும் முடிவும்

இச்சிக்கலின் மையம் எங்கே இருக்கிறது? பிற தவறுகளில் மனிதனின் மனச்சான்று அவனுக்குள் இருந்து தடுக்கக்கூடும். வேகமாகச் செல்பவன் கூட, நினைத்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வல்லவன். மதுவோ எதனைக் கொண்டு மனிதன் தன்னை அளக்க வேண்டுமோ அந்த அளவுகோலையே முதலில் வளைத்துவிடுகிறது. தான் நிதானமாக இருப்பதாகக் குடித்தவர் சொல்வது பெரும்பாலும் பொய்யன்று. அவர் அப்படியே நம்புகிறார். குடித்தவனிடம் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வதன் வீணை வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் சுட்டுவதும் இதனாலேயே. அந்நேரத்தில் மனச்சான்று உறங்குகிறது. உறங்குகிறவனை நம்பிப் பிறர் உயிரை ஒப்படைக்க இயலாது.

அப்படியானால் அறிவிழந்த நிலையில் செய்ததற்கு அவன் குற்றவாளி ஆவது எங்ஙனம்? அறநெறி இறையியல் இதற்குப் பழமையான விடை ஒன்றை வைத்திருக்கிறது. விளைவின் நேரத்தில் விருப்பம் இல்லாதிருக்கலாம். ஆனால் அவ்விளைவை முன்னறிந்தும் அதன் காரணத்தை விரும்பி ஏற்றவன், காரணத்திலேயே விளைவையும் ஏற்றவனாகிறான். வண்டியில் வந்திருக்கிறோம், வண்டியில்தான் திரும்ப வேண்டும் என்று அறிந்தே முதற் கிண்ணத்தை எடுக்கும் கணத்தில் அவனுடைய அறிவு தெளிவாகவே இருக்கிறது. குற்றம் பிறக்கும் இடம் அது. குடியாலோ வேக வெறியாலோ சாலையில் தமக்கும் பிறர்க்கும் ஆபத்து விளைவிப்போர் கனமான குற்றத்துக்கு உள்ளாகின்றனர் என்று 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிப்பதும் இவ்வகையில் பொருள் பெறுகிறது; அந்நூல் ஆபத்து விளைவித்தலையே குற்றம் என்கிறது, விபத்து நேர்ந்தாலும் நேராவிட்டாலும்.

இதனைக் கண்டால் ஸ்டீவன்சின் கணக்குக்கும் விடை தோன்றுகிறது. சோதனையின் பயனைக் கைதானோரின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளத்தல் ஆகாது. சாலையில் சோதனை இருக்கும் என்று அறிந்தவன் விருந்து மேசையிலேயே கையை இழுத்துக்கொள்கிறான். அல்லது வண்டியை விட்டுவிட்டு வாடகை வண்டியில் ஏறுகிறான். அவன் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில், ஐயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த ஓட்டுநரையும் ஊதச் செய்யும் சட்டத்தை விரிவான அறிவிப்புகளோடு நடைமுறைப்படுத்தியது. அடுத்த ஆண்டு அங்கே சாலைச் சாவுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. தெளிவான அறிவோடு இருக்கும் மனிதனிடம் முதற் கிண்ணத்துக்கு முன்பே பேசிய சட்டம் அது. அவனுடைய சுதந்திரத்தை அது பறிக்கவில்லை; அச்சுதந்திரம் விழித்திருக்கும் நேரத்தில் அதனோடு உரையாடியது.

எல்லைக் கற்கள்

எனவே இச்சோதனை தன்னளவில் சுதந்திரத்துக்கு எதிரானதன்று என்பதே நம் துணிபு. ஆனால் அத்துணிபு நிபந்தனையற்றதன்று.

முதலாவது, நிறுத்துவதானால் அனைவரையும் நிறுத்த வேண்டும். அல்லது முன்னரே வகுத்த ஒழுங்குப்படி நிறுத்த வேண்டும். காவலர் ஒருவர் தம் விருப்பம் போல் ஒருவரை மட்டும் மறித்து உரிமத்தைக் கேட்பது தவறென அதே அமெரிக்க உச்சநீதிமன்றம் 1979-இல் தீர்ப்பளித்திருந்தது. எல்லாருக்கும் பொதுவான இடையூறு யாரையும் இழிவுபடுத்துவதில்லை. முகம் பார்த்து வரும் இடையூறு இழிவுபடுத்துகிறது.

இரண்டாவது, சொன்ன நோக்கத்தைத் தாண்டலாகாது. மதுவுக்காக வைத்த தடுப்பு நாளடைவில் எதற்கும் பயன்படும் தடுப்பாகிவிடும் இயல்புடையது. இண்டியானாபொலிஸ் நகரம் போதைப்பொருளைத் தேடி இதே போன்ற தடுப்புகளை வைத்தபோது, பொதுவான குற்றத் தேடலுக்கு இம்முறை ஆகாது என்று 2000-ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் தடுத்தது.

மூன்றாவது, ஒரு சமூகம் இதனினும் மிகுந்த சுதந்திரத்தைத் தன் மக்களுக்கு அளிக்க விரும்பினால் அதுவும் அறத்துக்கு முரணன்று. வழக்கு தோன்றிய மிச்சிகனிலேயே, 1993-இல் மாநில உச்சநீதிமன்றம் தன் சாசனத்தின்படி இச்சோதனைகள் செல்லா என்றது. சாலையில் ஒருவன் தடுமாறி ஓட்டுவதைக் கண்டு நிறுத்தும் வழி அங்கே திறந்தே இருக்கிறது. எவ்வழி மிகுதியான உயிரைக் காக்கும் என்பது விவேகத்தால் தேர வேண்டியது.

நம் சாலைகள்

நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்க ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. மூச்சுச் சோதனைக்கோ, சீருடையில் உள்ள அலுவலருக்கு ஐயுறத் தக்க காரணம் இருத்தல் வேண்டும் என்கிறது. ஏட்டில் உள்ள இவ்வரம்பு நம்மவர் பலருக்குத் தெரியாது. அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையென ஒன்பது நீதிபதிகள் கொண்ட நம் உச்சநீதிமன்ற அமர்வு 2017-இல் அறிவித்த பின்னர், அரசின் குறுக்கீடு சட்டப்படியானதாகவும் தேவைக்கு அளவானதாகவும் இருந்தாக வேண்டும்.

இங்கே உரிமை மீறல் பெரும்பாலும் நிறுத்துவதில் இல்லை; நிறுத்தும் முறையில் இருக்கிறது. வேட்டி கட்டிய கூலித் தொழிலாளி இருசக்கர வண்டியில் வந்தால் 'இறங்குடா' என்ற சொல் வருகிறது. பெரிய காரில் வருபவரிடம் 'சார்' என்ற சொல் வருகிறது. மது இருவர் குருதியிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. 'ஐயா, சற்று நில்லுங்கள்' என்று சொல்லி நிறுத்தப்படும் குடிமகன் 25 வினாடிகளை இழக்கிறான். 'டா' போட்டு நிறுத்தப்படுபவன் அதனினும் பெரிதொன்றை இழக்கிறான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலாது. தமிழகத்தில் 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பது அரசு நிறுவனமே. ஒரு கை விற்கிறது. மற்றொரு கை சாலை முனையில் பிடிக்கிறது. இதனைச் சுட்டிப் பிடிபட்டவர் கேட்கும் ஏளனத்துக்கு நேர்மையான மறுமொழி அரசிடம் இல்லை. எனினும் அந்த ஏளனம் சாலையில் நடந்து செல்லும் சிறுவனைக் காப்பதில்லை. விற்பவரின் குற்றம் ஓட்டுபவரின் பொறுப்பைக் கழித்துவிடாது. இரண்டும் தனித்தனியே கணக்கில் நிற்கும்.

கடைசியாக, காவலர் நிற்பதற்கு முன்னரே நிற்க வேண்டியவர்கள் வேறு சிலர். திருமண விருந்திலும் திருவிழா இரவிலும் நண்பனின் தள்ளாட்டத்தைக் கண்டும் காணாதவர் போல் வழியனுப்பி வைப்போர் நம்மிடையே உண்டு. தம்பியைப் பற்றிக் கேட்கப்பட்டபோது தனக்கென்ன என்று கைவிரித்த காயினின் மறுமொழியை அவர்களும் வைத்திருக்கிறார்கள். நண்பனின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, "காலையில் வாங்கிக்கொள், இப்போது வா, நான் கொண்டு விடுகிறேன்" என்று சொல்லும் ஒருவர் ஒவ்வொரு பந்தியிலும் இருந்தால், சாலையில் தடுப்புகளுக்கு வேலை குறையும். அப்படி ஒருவர் இல்லாத இரவுகளில், நெடுஞ்சாலையில் கைகாட்டும் காவலர் நாம் செய்யாத பணியைச் செய்கிறார்.