கடைசி வரி

மலாய்மொழிப் பதிவுப் படிவம் ஒன்றுக்கு 'இனம்' பட்டியல் செய்துகொண்டிருந்தேன். வழக்கமான வரிசை நமக்கெல்லாம் மனப்பாடம்: மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின். யாருக்கும் வருத்தம் வேண்டாமேன்னு அகரவரிசைக்கு மாற்றினேன். சீனா, இந்தியா, லாயின்-லாயின், மெலாயு. 'மற்றவர்' மூன்றாம் இடத்துக்கு ஏறிவிட்டார்கள்! பிழையென்று நினைத்து என் கை தானாகவே அவர்களைக் கீழே இறக்கியது.

பக்கத்தில் இபான் நண்பன். "அது பாட்டுக்கு இருந்திருக்கலாமே" என்று சிரித்தான்.

'மற்றவை' கடைசியில் இருந்தால்தான் தேடுபவருக்கு வசதி என்றேன். பொய்யில்லை, வடிவமைப்பில் அதுதான் பழக்கம். ஆனால் அவன் தேடுவது 'இபான்' என்ற சொல்லை. அது பட்டியலிலேயே இல்லை. தலைக்கணக்குன்னு சொல்லியும் தப்பிக்க முடியாது. சபா, சரவாக் பூர்வகுடிகளைச் சேர்த்தால் நாட்டில் இந்தியரைவிட அதிகம்.

மூன்றாவதாக நிற்பது இத்தனை வருஷம் என்னை உறுத்தியிருக்கிறது. எனக்குக் கீழே யார் என்று பார்த்ததில்லை. கூடுதல் வரிகள் கேட்டு மேலாளருக்கு எழுதினேன். பதில் வரலை. படிவம் நாளை வெளியாகிறது.