நமது குளிர்ச்சியும் அண்டை வீட்டாரின் ஹக்கும்

வெப்பத்திலிருந்து ஒதுங்குவது மார்க்கத்தில் குற்றமன்று. நிழல்களையும், சூட்டைத் தடுக்கும் ஆடைகளையும் அல்லாஹ் தன் அருட்கொடைகளுள் எண்ணிக் காட்டுகின்றான் (16:81). கடும் வெயிலில் ளுஹரைச் சூடு தணியும்வரை சற்றுத் தாமதப்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். ஆகவே, உடலை வருத்திக்கொள்வதே பக்தி என்று சொல்ல நாம் வரவில்லை.

நம் கேள்வி வேறு. நமது குளிர்ச்சிக்கு விலை கொடுப்பவர் யார்?

"கரண்டு பில் கட்டுவது நாம்தானே" என்று உடனே பதில் வரும். நாமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். 2022-ம் ஆண்டுக் கோடையில் நம் வீட்டுப் படுக்கையறைக்கு ஏ.ஸி. வாங்கினோம். அதன் வெளிப்பெட்டியை முடுக்குப் பக்கச் சுவரில் மாட்டினார்கள். முடுக்கின் அகலம் நான்கடிக்குமேல் இராது. எதிர்ச் சுவரில் அண்டை வீட்டு மாமியின் ஜன்னல். அவர்கள் அறையில் இருப்பது ஒரு பழைய மின்விசிறி மட்டுமே. இரண்டு கோடைகள் கழிந்தன. சுகமில்லை என்று கேள்விப்பட்டு விசாரிக்கப் போனபோதுதான், அந்த ஜன்னல் இறுகச் சாத்தியிருப்பதைக் கண்டோம். "சூடாக் காத்து வருது தம்பி, அதான் சாத்திட்டேன்" என்றார்கள், குறை சொல்லும் தொனியே இல்லாமல்.

இந்த இயந்திரம் அறையின் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. தான் செலவிடும் மின்சாரத்தின் சூட்டையும் அதோடு சேர்த்தே தள்ளுகிறது. ஆக, நம்மைவிட்டு நீங்கிய சூட்டைவிட அதிகமான சூடு மாமியின் ஜன்னலுக்குப் போயிருக்கிறது!

அண்டை வீட்டாருக்குத் துன்பம் தரும் அடுப்புப் புகையைப் பற்றி நம் ஃபிக்ஹு அறிஞர்கள் அக்காலத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். புகைக்குப் பொருந்தும் சட்டம் அனல் காற்றுக்குப் பொருந்தாதா? "அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்று நம் வீட்டில் ஒருவர் கேட்டார். வெட்கத்தினால் தரப்படும் சம்மதம் சம்மதமாகாது என்பதும் அந்த அறிஞர்கள் சொன்னதுதான். அப்படியிருக்க, வெறும் மௌனத்தை எப்படிச் சம்மதமாகக் கொள்வது?

நிற்க. ளரூரத், ஹாஜத், தஹ்ஸீன் என்று மனிதத் தேவைகளை இமாம்கள் மூன்று படிகளாக வகுத்திருக்கிறார்கள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவருக்கு ஏ.ஸி. முதற்படியிலேயே சேரலாம். அதே இயந்திரத்தைப் பதினெட்டு டிகிரியில் வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்வதை எந்தப் படியில் சேர்ப்பது? நமக்குத் தெரிந்தவரை அது மூன்றிலும் இல்லை, இஸ்ராஃபில்தான் இருக்கிறது. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கப்படும் அறை ஏ.ஸி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது அரசு விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட கணக்கு.

நம் பாட்டனார் கட்டிய வீட்டில் முற்றம் இருந்தது. மாடியில் சுண்ணாம்பு ஜல்லியும் அதன்மேல் தட்டோடும் இருந்தன. இன்றைய கான்கிரீட் தளமோ பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு, இஷாவுக்குப் பிறகு நம் தலையில் இறக்குகிறது. அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். வெண்மை வெயிலைத் திருப்பியனுப்பிவிடும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே கீற்றுத் தட்டி கட்டினோம். திரையை உள்ளே போடுவதைவிட இது மேல். கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இவ்வளவுக்கும் ஆன செலவு சொற்பம். ஏ.ஸி. இப்போது இரவில் சில மணி நேரமே ஓடுகிறது. வெளிப்பெட்டியையும் மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டோம்.

பிறகு மாமியிடம் போய், கழிந்த இரண்டு கோடைகளுக்காக மன்னிப்புக் கேட்டோம். "இதுக்கெல்லாமா தம்பி! அப்பவே மன்னிச்சாச்சு" என்று சிரித்துவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார்கள். அந்தச் சொல் மனம் ஒப்பிச் சொன்னதா, அல்லது அதுவும் வெட்கத்தால் வந்ததுதானா என்று வீடு திரும்பும்வரை நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே வந்தோம்.