உடைமையும் உண்மையும்

ஆங்கிலங் கற்கப் புகும் தமிழ் மாணவன் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் வினைச்சொற்களுள் ‘ஹேவ்’ என்பதும் ஒன்று. வீடு, பிள்ளை, காய்ச்சல், நேரம், உரிமை, ஐயம் ஆகிய அனைத்தையும் அம்மொழி இவ்வொரு வினையாலேயே மனிதனுக்கு உரியனவாக்குகின்றது. உணவருந்துதல், குளித்தல், ஒன்றைச் செய்தே தீரவேண்டிய கடப்பாடு ஆகியனவும் அதனுள் அடங்கும். அன்றாடத் தமிழில் இதற்கு நேரான வினை இல்லை. செய்யுள் வழக்கில் ‘உடையேன்’ என்பதும் பேச்சு வழக்கில் ‘வைத்திருக்கிறேன்’ என்பதும் உளவேனும், அவை இத்துணைப் பரப்பைத் தழுவுவன அல்ல. இது மொழியின் வறுமையா, அன்றி உலகைக் காணும் பிறிதொரு நெறியா என்பது சிந்தித்தற்குரியது.

‘எனக்குப் பிள்ளை உண்டு’, ‘என்னிடம் பணம் இருக்கிறது’, ‘இது என்னுடைய நிலம்’ என்பன தமிழர் பேசும் முறை. முதலாவது, கொடையும் முறையும் பற்றி வரும் நான்காம் வேற்றுமை. இரண்டாவது, இடம் பற்றி வரும் ஏழாம் வேற்றுமை. மூன்றாவது, கிழமை பற்றி வரும் ஆறாம் வேற்றுமை. முதலிரண்டு தொடர்களிலும் எழுவாயாக நிற்பது மனிதன் அன்று, பொருளே. பொருள் உளதாதல் முதன்மை பெறுகின்றது. அது ஒருவனைச் சார்ந்து நிற்றல் அதற்கடுத்த செய்தி. ‘உண்மை’ என்னும் சொல்லும் பண்டு உளதாந் தன்மையையே குறித்தது. ஆங்கிலத்திலோ மனிதன் எழுவாயாகவும் ஏனைய யாவும் அவனுக்குச் செயப்படுபொருளாகவும் அமைகின்றன.

இதனைக் கொண்டு தமிழர் பற்றற்றவர் என முடிவு செய்தல் பேதைமையாகும். இலக்கணம் ஒழுக்கம் அன்று. நிலக்கிழாரும் நான்காம் வேற்றுமையிலேயே பேசினர். ஆயினும், ஆங்கிலம் ஒன்றாக்கிய மூன்றையும் தமிழ் வேறுபிரித்து வைத்திருப்பதனால், ஒன்றிருந்தும் மற்றொன்று இல்லாத வாழ்வைத் தமிழில் தெளிவாகக் காணமுடிகின்றது. அவ்வாழ்வுக்கு வலப்பனை தக்கதொரு சான்று.

இராகலைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் தொழிலாளியிடம் ‘உனக்கு வீடு உண்டா?’ என வினவினால், ‘உண்டு’ என்பதே விடை. அவர் பிறந்ததும், பெற்றோர் இறந்ததும் அக்காம்பராவிலேயே. எனினும் அது அவருடையது அன்று. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகியபோதும், 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும், அக்காம்பரா கைமாறியது. அதனுள் வாழ்ந்தவருக்கு அது உரியதாகவில்லை. 2015ஆம் ஆண்டின் பின் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் அமைக்கும் முயற்சி தொடங்கியதெனினும், பெருந்தொகையானோர் இன்றும் லயங்களிலேயே உள்ளனர். அவர்களது வீடு நான்காம் வேற்றுமையில் உண்டு; ஆறாம் வேற்றுமையில் இல்லை.

வீட்டுக்கு நேர்ந்ததே நாட்டுக்கும் நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடிருந்தும் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. அத்தொடரில் மக்களே செயப்படுபொருளாயினர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

ஆறாம் வேற்றுமை மட்டும் வாய்த்தாற் போதுமா? அயலிலுள்ள சிங்களக் கிராமங்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகரும். சிங்களமும் ‘மட்ட கெதரக் தியெனவா’, அதாவது ‘எனக்கு ஒரு வீடு இருக்கிறது’, என்றே கூறும். அதற்கும் ‘ஹேவ்’ இல்லை. காட்டையும் தரிசையும், உரிமை மெய்ப்பிக்கப்படாதவிடத்து, முடிக்குரியனவாகக் கொண்ட 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது ஆங்கிலத்தில். 1880களில், நெல்வரி செலுத்தத் தவறிய வலப்பனை விவசாயிகளின் வயல்கள் விற்கப்பட்டன. குடும்பங்கள் பல ஊர்விட்டகன்றன. பசியாலும் பிணியாலும் மாண்டோர் பலர். நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் இக்கொடுமையை வெளிப்படுத்தினார். அவ்வரி 1892இல் ஒழிக்கப்பட்டது. தலைமுறையாக உழுத வயலும் ஒரு வரிச்சீட்டினால் ‘என்னுடையது’ என்னும் நிலையிலிருந்து வழுவக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

எரிக் ஃபுரோம் 1976இல் வெளியிட்ட நூலொன்றில், ‘கொண்டிருத்தல்’ என்னும் வாழ்முறையை விடுத்து ‘இருத்தல்’ என்னும் வாழ்முறையைத் தழுவுமாறு மேலைநாட்டு மாந்தரை வேண்டினார். திருக்குறளும் அன்பு, அடக்கம், பொறை, அறிவு, பண்பு முதலிய அகப் பண்புகளுக்கே ‘உடைமை’ என அதிகாரப் பெயர் தந்து, செல்வத்தைப் ‘பொருள்செயல்வகை’ என வேறாக வைத்தது. இவை உயர்ந்த நெறிகளே. ஆயின் அவற்றை யார் யாருக்கு உரைப்பது என்பதும் அறவினாவாகும். உடையவன் விடுவது துறவு. உடைமை மறுக்கப்பட்டவனை நோக்கிப் பற்றை விடுக என்பது, மறுத்தவனுக்குத் துணைபோதலாகும்.

ஆகவே பொருள்கள் அனைத்தையும் ஒரே தராசில் இடுதல் பொருந்தாது. மிகுபொருள் பற்றி ‘உண்டு’ என்னும் அளவில் நிறைவு காண்பது பண்பு. வீடு, நிலம், நாடு ஆகிய மூன்றிலுமோ, ஒருவனுக்கு உளதாதலும், அவனிடத்து இருத்தலும், அவனுடையதாதலும் ஒருங்கே அமைதல் வேண்டும். இவை பிரிந்து நிற்குமளவும் ஒருவனது இருப்பு மற்றொருவனது இசைவில் தங்கியிருக்கும். பிறர் இசைவில் தங்கிய இருப்பை உண்மை எனல் எங்ஙனம்?