வெடித்துப்போன ஓவியங்கள்

அமெரிக்க அண்டர்கிரவுண்டு காமிக்ஸின் முன்னோடி ராபர்ட் கிரம்ப், 1990களின் தொடக்கத்தில் தன் பழைய ஸ்கெட்ச் நோட்டுகள் சிலவற்றைக் கொடுத்துத் தெற்கு பிரான்சில் ஒரு வீட்டையே வாங்கினார். கிறுக்கல் நோட்டுக்கு வீடு!

இங்கே சிவகாசி அச்சகங்களுக்காகவும் ஓவியர்கள் வரைந்தார்கள். லட்சுமி வெடிக்கு லட்சுமி, தீப்பெட்டிக்குப் புலி, காலண்டருக்கு முருகன். மூலப்படம் அச்சகத்துக்குப் போனதோடு ஓவியரின் வேலை முடிந்தது. வெடி லேபிளோ திரி பற்றியதும் சிதறிப்போனது. பக்கத்துக் கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டுடியோ நடத்திய சி. கொண்டையராஜு (1898–1976) கொடுத்துவைத்தவர். நாடகத் திரைச்சீலை எழுதிப் பழகிய கை. சாமி படங்களின் ஓரத்தில் அவர் கையெழுத்தும் சேர்ந்தே அச்சானதால், பெயர் பூஜையறைகளில் தங்கியது. லேபிள் வரைந்த பெரும்பாலோருக்கு அந்த ஓரம்கூடக் கிடைக்கவில்லை.

அவர்கள் முதலில் போட்ட பென்சில் கோடு, அழித்து அழித்து மாற்றிய புலிவால் எல்லாம் ஏதோ ஒரு பரணில், பழைய நோட்டில் இருந்தால் உண்டு. சாத்தூரிலோ திருத்தங்கலிலோ அப்படியொன்று கையில் சிக்கினால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வரைந்தவர் இருந்தால் உட்காரவைத்து, எந்த லேபிளுக்கு, எந்த வருடம் என்று கேட்டுப் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.