ஊருக்கு ஊழ் உண்டா?

பொருளாதார மந்தம் எல்லா ஊர்களையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. ஓர் ஊரில் கடைக்குப் பூட்டு விழும் அதே ஆண்டில் இன்னோர் ஊரில் மாடி வீடு எழும். இது எப்படி நேர்கிறது என்பதைப் பொருளியல் விளக்கும். இது தகுமா என்ற கேள்வி சமயத்துக்கும் தத்துவத்துக்கும் உரியது. துன்பம் வினையின் பயன் என்று கொள்ளும் மரபுகளுக்கு இக்கேள்வி சங்கடமானது. ஆளுக்கு ஊழ் உண்டென்றால், ஊருக்கும் உண்டா?

காப்பியங்களில் இரு விடைகள் உள்ளன. மணிமேகலையில் இந்திர விழாவை மறந்ததற்காகக் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறது. அங்கே குற்றமும் தண்டனையும் ஊர் முழுமைக்கும் பொது. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிவது அரசனின் தவறான தீர்ப்பால். ஆனால் கண்ணகி தீக்கடவுளிடம் அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிடச் சொல்கிறாள். ஓர் ஊரை மொத்தமாகத் தண்டிப்பது அறமாகாது என்ற உறுத்தல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதே நூலின் உரைபெறு கட்டுரையில், ஒரு பொற்கொல்லன் செய்த பிழைக்காகக் கொற்கையில் ஆயிரம் பொற்கொல்லர் பலியிடப்படுகிறார்கள். உறுத்தல் நெடுநாள் நீடிக்கவில்லை போலும்.

சைவ சித்தாந்தம் கறாரானது. சேர்ந்து கிடக்கும் சஞ்சிதமோ, இப்போது நுகரும் பிராரத்தமோ, புதிதாக ஈட்டும் ஆகாமியமோ, வினை உயிரைப் பற்றுவது. ஊருக்குத் தனி உயிர் இல்லை. ஆகவே தனி வினையும் இல்லை. எதிர்த்திசையில் சென்றவர்கள் அடையாற்றுக்காரர்கள். 1882இல் பிரம்மஞான சபை அடையாற்றங்கரையில் இடம் வாங்கியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார், 1889இல் வெளியான ‘தி கீ டு தியாசபி’ நூலில், தனியாளின் கர்மத்தோடு கூட்டத்துக்கும் நாட்டுக்கும் பொதுவான கர்மமும் உண்டு என்று எழுதினார். குற்றமற்றவர் ஏன் வாடுகிறார் என்பதற்கு இது ஒரு விடைதான். ஆனால் அடையாற்றுக்குப் பக்கத்து ஊரான மயிலாப்பூரின் வரலாறே இதற்கு ஒத்துவரவில்லை.

1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் பெரிய வணிக நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு அதோடு போயிற்று. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர்களும் ஓய்வூதியக்காரர்களும் அதில் இருந்தார்கள். ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயன்றதில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

கால் நூற்றாண்டு கழித்து உலகப் பெருமந்தம் வந்தபோது கதை தலைகீழானது. சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. தஞ்சை மிராசுதார் வரி கட்டத் தடுமாறினார். குத்தகைக்காரர் நிலை அதைவிட மோசம். மயிலாப்பூரில் சம்பளமும் ஓய்வூதியமும் வாங்கியவருக்கோ அதே விலை வீழ்ச்சி ஊதிய உயர்வாக அமைந்தது. 1931 இறுதியில் அரசு, ஊழியர் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை வெட்டியது. அரிசி விலை இறங்கியது அதைவிட அதிகம். ஒரே மயிலாப்பூர் முதல் அடியில் சேமிப்பை இழந்தது, இரண்டாவதில் மிச்சம் பிடித்தது. இடையில் அவ்வூராரின் நல்வினை பெருகிவிட்டதென்று யாரும் சொல்லமாட்டார்கள். வருமானம் எந்தக் கொம்பைப் பற்றிப் படர்ந்திருந்தது என்பதே வேறுபாடு.

தியாகராய நகர் அந்தக் காலத்தின் பிள்ளை. 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியை வற்றச் செய்து மனை போட்டார்கள். ஏரி போனபின்னும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் நிற்கிறது. நல்லி ஜவுளிக்கடை 1928இல் அங்கே தொடங்கியது. அடுத்த ஆண்டே உலகச் சந்தை சரிந்தது. நகரோ நிற்காமல் வளர்ந்தது. 1931இல் சுமார் 6.47 லட்சமாக இருந்த சென்னை மக்கள்தொகை 1941இல் 7.77 லட்சம் ஆயிற்று. வயலில் விளைச்சலுக்கு விலையில்லை, கிராமத்தில் கடன் கொடுத்தால் திரும்பாது என்றானபின் பணம் பட்டணத்தைத் தேடி வந்தது. கோவையில் நூற்பாலையாக, சென்னையில் வீடாக, வங்கியாக உருமாறியது. பர்மாவில் வட்டித் தொழில் செய்த நகரத்தாருக்குக் கடன் காசாகத் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது. 1930களின் இறுதியில் அது 25 சதவீதம். நிலம் இழந்த பர்மிய உழவருக்கு அதை ஊழென்று விளக்கியிருந்தால் அவர் ஏற்றிருக்கமாட்டார். ஓர் ஊரின் செழிப்புக்கும் மற்றோர் ஊரின் வாட்டத்துக்கும் வேர் ஒன்றாக இருக்கும்போது, இரண்டையும் தனித்தனி வினைக்கணக்கில் எழுத முடியாது.

ஊர் என்ற எல்லையும் உறுதியானதல்ல. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில், நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்தது. தியாகராய நகரின் ரங்கநாதன் தெரு வெறிச்சோடியது. அங்குள்ள கடைகளில் நின்று விற்கும் பிள்ளைகளில் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தவர்கள். வேலை போனதும் அவர்கள் ஊர் திரும்பினார்கள். தி. நகரில் நேர்ந்த நஷ்டத்தில் ஒரு பங்கு தாமிரபரணிக் கரை வீடுகளில் போய் உட்கார்ந்தது. மாதச் சம்பளம் நிற்காமல் வந்த அடையாற்று அடுக்ககத்துக்கும், அங்கே பாத்திரம் தேய்த்தவரின் குடிசைக்கும் இடையே ஒரு தெரு தூரம் மட்டுமே. ஊழ் ஊருக்கு என்றால், இவற்றில் எந்த ஊருக்கு?

வினைக்கொள்கையை ஏற்றவர்களே இதைக் கேள்வியாக்கியதுண்டு. 1897இல் கல்கத்தாவில் பசுப் பாதுகாப்புச் சங்கத்தார் ஒருவர் விவேகானந்தரிடம் நன்கொடை கேட்டு வந்தார். மத்திய இந்தியப் பஞ்சத்துக்கு உங்கள் சங்கம் என்ன செய்தது என்று விவேகானந்தர் கேட்க, பஞ்சம் மக்களின் கர்மபலன் என்று பதில் வந்தது. அப்படியானால் பசுக்கள் கசாப்புக்காரனிடம் போவதும் அவற்றின் கர்மபலன்தானே என்று திருப்பினார் விவேகானந்தர். பிறர் துன்பத்துக்கு வினையைக் காரணம் காட்டுபவர், தாம் விரும்பும் இடத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறார் என்பதே அதன் கூர்மை.

பெரியபுராணத்தில் வரும் பஞ்சக் கதை காரண விசாரணையில் நேரம் செலவிடுவதில்லை. மழை பொய்த்துத் திருவீழிமிழலை வாடுகிறது. சிவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு வைக்கிறார். அதைக் கொண்டு இருவர் மடத்திலும் அடியாருக்குச் சோறு போடுகிறார்கள். அப்பர் மடத்தில் பந்தி வேளைக்கு நடக்க, சம்பந்தர் மடத்தில் தாமதமாகிறது. விசாரித்தால், சம்பந்தருக்குக் கிடைக்கும் காசைக் கடைக்காரர்கள் வட்டம் பிடித்துத்தான் மாற்றுகிறார்கள். அப்பர் உழவாரப் படையோடு கைத்தொண்டு செய்பவர் என்பதால் அவர் காசுக்கு வாசி எனப்படும் அந்த வட்டம் இல்லை. பஞ்சத்தில் அருளும் ஒரே மதிப்பில் வரவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் முற்பிறப்பல்ல, உழைப்பு. சம்பந்தர் வாசி நீங்கப் பதிகம் பாடினார். மறுநாள் முதல் நல்ல காசு வந்தது. பந்தியும் நேரத்துக்கு நடந்தது.